அத்தையின் மறதியும் மதியத்து மாத்திரையும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 54 வயது. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூறு போட்டு விற்பவர். யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் மனசில்தான் இருக்கும், நோட்டு கிடையாது. போன தீபாவளியிலிருந்து உடம்பு இளைத்து, நிறம் கறுத்து, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தை மாதம் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பியில் டிபி, சுரப்பி வேலை செய்யவில்லை என்றார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5, கூடவே ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் கொடுத்தார்கள். அடுத்த வாரம் டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பு நன்றாகத் தேறியது. மயங்கி விழுவதற்கு முந்தின நாள்வரைகூட கணக்கில் தப்பு விடாதவர், மாசிக் கடைசியிலிருந்து உலை வைத்ததை மறக்கிறார், பாக்கிக் கணக்கில் தடுமாறுகிறார், மத்தியானத்துக்கு மேல் படுத்தே கிடக்கிறார். அட்ரினல் ஹார்மோன் இல்லாவிட்டால் மூளைச் செல்கள் செத்துவிடும் என்று படித்தேன். அத்தைக்கு அப்படி ஆகிவிட்டதா? போன செல் திரும்ப வருமா? இதற்கு நடுவில் என் கொழுந்தனார் ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்கும், நிறுத்திவிடுங்கள் என்கிறார். அத்தையும் மதியத்து மாத்திரையைச் சில நாள் போடுவதில்லை போலிருக்கிறது, அட்டையில் மிச்சம் இருக்கிறது. கருவாடு சாப்பிடலாமா என்றும் கேட்கச் சொன்னார்.

பதில்:

நீங்கள் பயந்து கேட்டிருக்கிற கேள்வியைவிட, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'அடுத்த வாரம் டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள்' என்ற வரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதுவரை ஒன்றே ஒன்று: ஒரு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், ஹைட்ரோகார்ட்டிசோனையும் சரி, டிபி மாத்திரையையும் சரி.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1989-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்லோவிட்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. வளர்ந்த எலிகளின் இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து மூளையை அறுத்துப் பார்த்தார்கள். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. புதிதாகப் பார்த்ததையும் கேட்டதையும் நினைவில் பதிய வைக்கிற இடம். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குக் கடல் குதிரை என்று அர்த்தம். அறுத்தெடுத்துப் பார்த்தால் அப்படித்தான் சுருண்டிருக்கும். கடல் குதிரை எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் நான் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அதில் ஓர் ஓரமாக, குருணை அரிசி போலப் பொடிப்பொடியாக நெருக்கி அடுக்கிய ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. மருத்துவத்தில் அவற்றின் பெயரே குருணைச் செல்கள் என்ற பொருளில்தான் வரும். சுரப்பி போன எலிகளில் அந்த வரிசை கிட்டத்தட்ட துடைத்தெடுத்த மாதிரி காணாமல் போயிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதை ஒட்டியே இருக்கிற மற்ற செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தபோதும் அவை வழக்கம்போலவே வேலை செய்தன.

இதுவரைக்கும் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. சுரப்பியை எடுத்த வேறு சில எலிகளுக்கு, போன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தார்கள். எலிக்குச் சுரப்பது கார்ட்டிகோஸ்டிரோன், நமக்குச் சுரப்பது கார்டிசால். இரண்டும் ஒரே வேலைதான். அப்படிக் கொடுத்த எலிகளுக்குக் குருணைச் செல்கள் சாகவில்லை. உங்கள் அத்தை காலையில் விழுங்குகிற அந்த மாத்திரை வேறொன்றும் இல்லை, கார்டிசாலேதான். மருந்துக்கடையில் அதற்குப் பெயர் ஹைட்ரோகார்ட்டிசோன். உங்களைப் பயமுறுத்திய ஆய்வே மாத்திரையை விடாதே என்றுதான் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதும் முக்கியம். அடுத்த ஆண்டே நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கூல்ட், கேத்தரின் வூலி, புரூஸ் மெக்கீவன் ஆகியோர், சுரப்பியை எடுத்த சில நாளிலேயே இந்தச் செல்கள் சாகத் தொடங்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். அந்த வரிசையில் வந்த ஆய்வுகளில், கொஞ்சம் ஹார்மோனே அவற்றைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனைக் குறைந்த அளவில் கொடுத்தபோதும் செல்கள் பிழைத்தன.

ஏன் கொஞ்சமே போதும்? துறைமுகத்தில் இரண்டு பார்த்திருப்பீர்கள். ஒன்று கலங்கரை விளக்கு. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ராத்திரியானால் எரியும். இன்னொன்று புயல் எச்சரிக்கைக் கூண்டு. காற்றழுத்தத் தாழ்வு வந்தால்தான் ஏற்றுவார்கள். மூளையில் கார்டிசால் போய் ஒட்டிக்கொள்ள இதே மாதிரி இரண்டு வகைப் பிடிகள் இருக்கின்றன. ஒரு வகை, கார்டிசால் கொஞ்சமாக ஓடுகிற நேரத்திலும் பிடித்துக்கொள்ளும். மற்றது அதைவிடப் பத்து மடங்கு கைதளர்ந்தது. விடியற்காலையில் ஹார்மோன் உச்சத்துக்கு ஏறும்போதும், உடம்புக்கோ மனசுக்கோ நெருக்கடி வரும்போதும்தான் நிரம்பும். எலி மூளையில் இதை 1985-இல் நெதர்லாந்தில் ரூல், டி க்ளோட் என்ற இருவர் பிரித்துக் காட்டினார்கள். குருணைச் செல்கள் உயிரோடிருக்க முதல் வகை நிரம்பினாலே பெரும்பாலும் போதும். அதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சரி. அது அடியோடு அணைந்தால்தான், அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன.

இன்னொரு சங்கதி. அட்ரினலை எடுத்த எல்லா எலிக்கும் செல் சாகவில்லை. சில எலிகளுக்கு உடம்பில் வேறெங்கோ துணுக்காக அட்ரினல் திசு மிச்சமிருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிற ஹார்மோனே அந்த எலிகளின் செல்களைக் காப்பாற்றிவிட்டது. உங்கள் அத்தைக்கும் சுரப்பி ஒரே நாளில் கத்தி வைத்து எடுத்த மாதிரி போகவில்லை. டிபி கிருமி மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் பெரும்பாலும் வெளியே தெரியும். மிச்சமிருந்த பங்கு தை மாதம்வரை சுரந்துகொண்டுதான் இருந்திருக்கும். இல்லையென்றால் ஐப்பசியிலிருந்து தைவரை அவர் ஏலக்கடையில் நின்றிருக்க முடியாது.

மனிதர்களைப் பற்றியும் கேட்பீர்கள். இந்த நோயை 1855-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் எழுதி வைத்தார். அவர் விவரித்த நோயாளிகளிலும் டிபிதான் பெரிய காரணம். அன்றைக்கு மாத்திரை கிடையாது. எலிக்கு உப்புத் தண்ணீரை வைத்து மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருந்து மூளையைப் பார்க்கலாம். மனிதருக்குக் கார்டிசால் அடியோடு நின்றுபோனால், மூளைச் செல்கள் மெல்லத் தேய்கிற அளவுக்கு அவகாசம் கிடைக்காது. ரத்த அழுத்தமும் உப்பும் சர்க்கரையும் விழுந்து அதற்கு முன்பே ஆளே போய்விடுவார். கார்ட்டிசோனைக் கண்டுபிடித்து மருந்தாக்கியதற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அடிசன் நோயாளிகள் பேரன் பேத்தி எடுக்கிற அளவுக்கு வாழ ஆரம்பித்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு நினைவாற்றல் சோதனை வைத்துப் பார்த்ததில், சில ஆய்வுகளில் லேசான குறை தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. உலை வைத்ததை மறக்கிற அளவுக்கான மறதியை இதன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கிற நாட்களைப் பாருங்கள். ஹார்மோன் மிகவும் குறைந்திருந்தது தை மாதம். செல் செத்துத்தான் மறதி வந்தது என்றால் அப்போதே கணக்கு தப்பியிருக்க வேண்டும். தப்பவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை ஆரம்பித்து, உடம்பு தேறி, அப்புறம் மறதி வந்திருக்கிறது. அப்படியென்றால் தைக்குப் பிறகு புதிதாக வந்தது என்ன?

டிபி மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. சிறுநீர் செம்பருத்தித் தண்ணீர் மாதிரி ஆரஞ்சு சிவப்பாகப் போகுமே, அதற்குக் காரணம் அதுதான். டிபிக்கு அதை விட்டால் வேறு கதியில்லை, அவ்வளவு நல்ல மருந்து. ஆனால் கல்லீரலை முடுக்கிவிடும். கல்லீரல் கார்டிசாலை வழக்கத்தைவிட வேகமாக உடைத்துத் தள்ளும். அந்த முடுக்கம் முழு வேகத்துக்கு வர இரண்டு வாரம்போல ஆகும். ஆகவே தை மாதம் போதுமானதாக இருந்த 15 மில்லிகிராம், மாசியில் அத்தையின் உடம்பில் 15 ஆக வேலை செய்யவில்லை. ரிஃபாம்பிசின் எடுக்கிற அட்ரினல் நோயாளிக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை உயர்த்த வேண்டும், பல பேருக்கு இரண்டு மடங்குவரை. அதுவும் போதாதென்று மதியத்து 5 மில்லிகிராமையும் அவர் ஒளித்து வைக்கிறார். காலையில் போட்டது மத்தியானத்துக்கு முன்னே தீர்ந்துபோகும். படுத்தே கிடக்காமல் என்ன செய்வார்? உப்பும் சர்க்கரையும் குறைந்த மூளை மந்தமாகத்தான் இருக்கும். செல் செத்துப்போய் அல்ல, சாப்பாடு இல்லாமல்.

இதை நான் கடிதத்தை வைத்து ஊகிக்கிறேன். சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த செக்கப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே அழைத்துப் போங்கள். அத்தை இப்போது போடுகிற எல்லா மாத்திரையின் அட்டையும் கையில் இருக்கட்டும். டிபி மாத்திரை ஆரம்பித்த தேதியையும் மறதி தெரிந்த தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்ப்பார்கள். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் போடுவதால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை மாற்ற வேண்டுமா என்று வாய்விட்டே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். டிபிக்கு ஓரிடம், சுரப்பிக்கு ஓரிடம் என்று பார்க்கிறபோது, ஓரிடத்தில் கொடுத்தது இன்னோரிடத்துக்குத் தெரியாமல் போவது எங்கள் தொழிலில் புதிதில்லை. நானே ஒருமுறை டிபி அட்டையைப் புரட்டிப் பார்க்காமல், இவருக்கு ஏன் இவ்வளவு களைப்பு என்று ஒரு மாதம் முழித்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து டிபி மருந்து முடிந்ததும் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைத் திரும்பக் குறைக்க வேண்டியிருக்கும். அதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டை ஒதுக்கிவிடக் கூடாது. டிபி மூளையுறைக்கும் போகலாம். விடாத தலைவலி, வாந்தி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம் இதில் எது இருந்தாலும் இந்த வாரம் என்று நான் சொன்னதை மறந்துவிட்டு இன்றைக்கே போங்கள். டிபி மருந்தில் ஐசோனியசிட் என்று ஒன்று உண்டு. அது பி6 வைட்டமினைக் குறைத்து நரம்பைத் தொந்தரவு செய்யும். பைரிடாக்சின் என்ற சின்ன மாத்திரை கூடக் கொடுத்திருக்கிறார்களா என்று அட்டையில் பாருங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதற்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு என்றால் நம் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான். மூட்டுவலிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற பொடியும் ஸ்டீராய்டு, முகம் உப்பிப் போகிறதும் அதனால்தான். மருத்துவப் படிப்பு முடித்த புதிதில் நான் முதலில் பார்த்த அட்ரினல் நோயாளியே அப்படி வந்தவர்தான். வருஷக்கணக்கில் பொடி தின்றதில் அவருடைய சுரப்பி தூங்கிவிட்டது. யாரோ பயமுறுத்திப் பொடியை ஒரே நாளில் நிறுத்த, நாலாம் நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தார். அந்தப் பொடி, உடம்பு தானே சுரந்துகொண்டிருந்தபோது மேலே கொட்டியது. அத்தையின் மாத்திரை, சுரக்காமல் போனதை ஈடுகட்டுவது. அட்ரினல் வறண்டவருக்கு 15 முதல் 25 மில்லிகிராம்வரை கொடுப்பது, ஆரோக்கியமான உடம்பு தினமும் தானே சுரக்கிற அளவுக்கு அருகில்தான் இருக்கும். அது கிட்னியைக் கெடுக்காது. சொல்லப்போனால், அது இல்லாமல் பிரஷர் விழுந்தால்தான் கிட்னிக்கு ஆபத்து.

அளவுக்கு மிஞ்சினால் மூளைக்கு நல்லதில்லை என்பதும் உண்மைதான். கார்டிசால் கட்டுக்கடங்காமல் சுரக்கிற குஷிங் நோய்க்காரர்களின் ஹிப்போகேம்பஸ் சிறுத்திருக்கிறது என்று 1992-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோனிகா ஸ்டார்க்மன் குழு சொன்னது. சிகிச்சை கொடுத்துக் கார்டிசால் இறங்கியதும் அது ஓரளவு பழையபடி பருத்தது என்று 1999-இல் அதே குழு காட்டியது. போன செல் திரும்ப வருமா என்று கேட்டீர்களே, செத்த செல் அத்தனையும் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுருங்கியதெல்லாம் செத்தது என்று அர்த்தமில்லை. அதனால்தான் ஹைட்ரோகார்ட்டிசோனை நீங்களாகவும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்கிறேன்.

நீங்களாகவே கூட்ட வேண்டிய நாட்களும் உண்டு. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, அரிசிப் பானைக்கு மேல் சுவரில் ஒட்டி வையுங்கள். பொதுவாக நாங்கள் சொல்வது இது: காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மடங்காக்க வேண்டும், 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. காய்ச்சல் இறங்கியதும் பழைய அளவு. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை, அல்லது ஆள் சுருண்டு கண் சொருகுகிறார் என்றால் மாத்திரையை நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டும், அவசரப் பிரிவில் போனதும் முதல் வார்த்தையாக 'அட்ரினல் வேலை செய்யாதவர்' என்று சொல்ல வேண்டும். ஊசிமருந்தை வீட்டில் வாங்கி வைத்து எப்படிப் போடுவது என்று டாக்டரிடமே பழகிக்கொள்வது இன்னும் நல்லது. பல் பிடுங்கினாலும் ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாசி மகத்துக்கோ ஆடி வெள்ளிக்கோ விரதம் இருக்கிறேன் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிற பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். அம்மனுக்கு மாத்திரை மேல் கோபம் வராது.

மதியத்து மாத்திரை விஷயத்தில் அத்தையைத் திட்டாதீர்கள். துறைமுகத்தில் ஏலம் நடக்கிற நேரத்தில், மீன் கையோடு, மாத்திரையை எங்கே வைத்து எங்கே விழுங்குவது? எனக்குத் தெரிந்த ஒரு அம்மா சுருக்குப் பையில் வெற்றிலையோடு ஒரு சின்ன டப்பி வைத்திருப்பார். செல்போனில் மணி அடித்தால் மாத்திரை, அப்புறம்தான் வெற்றிலை. அதே அம்மாதான், நோய் தெரிவதற்கு முன்னால் முந்தானை முடிச்சில் கல்லுப்பு வைத்து நக்கிக்கொண்டிருந்தவர். மருமகள்கள் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கவே போனார்களாம். உப்பைச் சிறுநீரில் போகாமல் பிடித்து வைக்கிற ஆல்டோஸ்டிரோன் வற்றிப்போனால் உடம்பே உப்பைத் தேடும். அந்த வேலையைத்தான் இப்போது அத்தைக்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் செய்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனை ராத்திரி தாமதமாக மட்டும் போட வேண்டாம், தூக்கம் கெடும்.

கருவாடு சாப்பிடலாம். பிரஷர்காரர்களுக்குச் சொல்கிற உப்புக் கட்டுப்பாடு இவருக்கு இல்லை. கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டுகிற நாளில் மோரில் ஒரு சிட்டிகை கூடப் போட்டே கொடுங்கள். கணுக்கால் வீங்கினாலோ, நின்றுகொண்டு பார்க்கும்போதும் பிரஷர் ஏறியிருந்தாலோ, ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அதிகமாகிவிட்டதா என்று டாக்டர் பார்ப்பார். அப்போதும் மாத்திரை அளவைத்தான் முதலில் மாற்றுவார்கள், கருவாட்டுக் குழம்பை அல்ல.